வீட்டில் ஊற்றும் மெழுகுவர்த்தி: இயற்கை மெழுகுக் கலவையில் வரும் கோளாறுகளும் தீர்வுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோயா மெழுகு, தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய் எல்லாம் கலந்து வீட்டிலேயே மெழுகுவர்த்தி ஊற்றுகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். மதுரையில், மொட்டை மாடி அறையில் ஊற்றிப் பழகியவள் நான். அதனால் பதில்கள் நம் ஊர் வெயிலை வைத்துத்தான் வரும். அளவெல்லாம் எடைக் கணக்கு. வெப்பமெல்லாம் செல்சியஸ் டிகிரி. கரண்டியில் மெழுகு அளக்காதீர்கள். ஒரு கிராம் வரை காட்டும் தராசும் ஒரு தெர்மாமீட்டரும் இல்லாவிட்டால், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஒரே மெழுகை உருக்கி ஊற்றினால் போதாதா? ஏன் கலக்க வேண்டும்?

ஒவ்வொரு மெழுகுக்கும் ஒரு குணம் உண்டு, ஒரு குறையும் உண்டு. தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகும். வெயில் தாங்கும், நின்று எரியும். ஆனால் விலை அதிகம். உருகிய பிறகும் கெட்டிக் குழம்பாக இருப்பதால் திரி அதை மேலே இழுக்கச் சிரமப்படும். பெரிய டம்ளரில் ஊற்றினால் ஆறும்போது சுருங்கி விரிசல் விடும்.

சோயா மெழுகு என்பது சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கியது. 1990-களில் அமெரிக்காவில்தான் மெழுகுவர்த்திக்கு என்று வந்தது. கண்ணாடியில் ஊற்ற விற்கும் ரகம் பெரும்பாலும் 45 முதல் 52 டிகிரிக்குள் உருகிவிடும். கண்ணாடிச் சுவரை நன்றாகப் பிடிக்கும், ஆனால் மெத்தென்று இருக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகுவது நமக்குத் தெரியும்; மார்கழியில் பாட்டிலில் உறைந்து, மாசி வந்ததும் தானாக இளகிவிடுகிறதே. மறுகோடியில் இருப்பது தவிட்டு மெழுகு. தவிட்டு எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது; 77 முதல் 82 டிகிரி வரை தாங்கும், ஆனால் வெறுமனே ஊற்றினால் பொரிகடலை போல நொறுங்கும்.

ஒன்றின் குறையை இன்னொன்றால் அடைப்பதுதான் கலவை. நம் ஊரில் இது புதிய வேலையும் இல்லை. சுவாமிமலையில் ஐம்பொன் சிலைக்கு முதலில் மெழுகில் உருவம் பிடிக்கிறார்கள் அல்லவா, அந்த மெழுகில் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்கிறது. குங்கிலியம் கெட்டி கொடுக்கும், எண்ணெய் வளைந்து கொடுக்கும் பதம் தரும். நாம் செய்வதும் அதே பதம் பார்க்கும் வேலைதான். நம் கலவை எரியவும் வேண்டும் என்பது மட்டும் கூடுதல்.

நான் தொடங்கும் கலவை இது. 100 கிராமுக்கு சோயா 75, தேன்மெழுகு 20, தேங்காய் எண்ணெய் 5. சித்திரை, வைகாசியில் எண்ணெயை விட்டுவிட்டு சோயா 70, தேன்மெழுகு 30. இதிலிருந்து உங்கள் வீட்டுச் சூட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வீடியோவில் சொன்ன அளவை அப்படியே போட்டேன். மெழுகுவர்த்தி வெண்ணெய் மாதிரி இளகிப்போகிறது. சோயா மெழுகு போலியா?

போலியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த வீடியோ எடுத்த அறையில் 20 டிகிரி இருந்திருக்கும். உங்கள் அறையில் 36. இந்த ஒரு வித்தியாசம்தான் பாதிக் கேள்விகளுக்குக் காரணம்.

48 டிகிரியில் உருகும் மெழுகு 47 வரை கல் மாதிரி நிற்கும் என்று நினைக்கக்கூடாது. இயற்கை மெழுகு பல கொழுப்புகளின் சேர்க்கை. மென்மையானவை முன்னாலேயே இளகத் தொடங்கிவிடும். அதில் தேங்காய் எண்ணெயும் கலந்தால் இளகும் புள்ளி இன்னும் கீழே இறங்கும்.

ஒரு வருடம் சித்திரையில் ஒரு புதுமனை புகுவிழாவுக்காக 12 டம்ளர் ஊற்றி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையின் பரணில் வைத்திருந்தேன். இரண்டாம் நாள் மாலை இறக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றின் மேலும் எண்ணெய் மினுமினுப்பு. திரிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. விரலை வைத்தால் தயிரில் அழுந்துவது போல உள்ளே போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கலவையில் தேங்காய் எண்ணெய் 25 சதவீதம் இருந்தது; நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அதன் பிறகு 10 சதவீதத்தைத் தாண்டியதே இல்லை.

சரி, இளகும் கலவையை எப்படித் திருத்துவது? மீண்டும் உருக்கி, தேன்மெழுகை 10 சதவீதம் கூட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் தவிட்டு மெழுகு 3 சதவீதம். அதற்கு மேல் தவிட்டு மெழுகு சேர்த்தால் கலவை அதிகம் சுருங்கிக் கண்ணாடியை விட்டுப் பிரியத் தொடங்கும்.

ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன். கலவையில் ஒரு கரண்டி எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, ஒரு நாள் ஆறவிட்டு, மறுநாள் மதியம் வீட்டிலேயே சூடான இடத்தில் இரண்டு மணி நேரம் வையுங்கள். விரலால் மெல்ல அழுத்தினால் ரேகை பதியலாம், குழி விழக்கூடாது.

ஸ்டியரிக் ஆசிட் சேர்க்கலாமா? அது கெமிக்கல் இல்லையா?

சேர்க்கலாம். அது கொழுப்பிலிருந்து பிரித்தெடுப்பதுதான். கொழுப்புக்குள் இப்படி அமிலங்கள் இருப்பதைக் கண்டறிந்த பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல், கேலுசாக் என்ற இன்னொரு வேதியியலாளரோடு சேர்ந்து 1825-இல் மெழுகுவர்த்திக்காக இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை மாட்டுக் கொழுப்பில் செய்த வர்த்தி புகைந்து, நாறி, வழிந்துகொண்டிருந்தது.

சோயா கலவையில் 3 முதல் 5 சதவீதம் போட்டால் கெட்டிப்படும், வெண்மையும் கூடும். வாங்கும்போது ஒன்று கேளுங்கள். பனை எண்ணெயிலிருந்து எடுத்ததும் உண்டு, விலங்குக் கொழுப்பிலிருந்து எடுத்ததும் உண்டு. பூஜை அறைக்கென்று கேட்பவர்களுக்குச் செய்யும்போது இதைத் தெரிந்துகொள்ளாமல் சேர்ப்பது சரியில்லை.

உருக்கும்போது ஒன்றாகக் கலந்தது. ஊற்றியதும் தேன்மெழுகு மட்டும் குருணையாகத் தனியே நிற்கிறது. ஏன்?

உருக்கிய வரிசை தப்பு. எது அதிகச் சூட்டில் உருகுமோ அது முதலில் உருக வேண்டும். தவிட்டு மெழுகு இருந்தால் அது முதலில், அப்புறம் தேன்மெழுகு, பிறகு சோயா, கடைசியில் தேங்காய் எண்ணெய். சூடான தேன்மெழுகில் சோயாச் சீவலைக் கைநிறைய அள்ளிப் போட்டால் சூடு சட்டென்று இறங்கி, தேன்மெழுகு அங்கங்கே உறைந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, எல்லாம் தெளிந்த பிறகு 75 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்துக் கிளறுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் தேன் மாதிரி தெளிவாகத் தெரிய வேண்டும். மெல்லிய மேகம் மாதிரி ஏதாவது ஓடினால் இன்னும் உருகவில்லை.

ஊற்றும் சூடு 65 முதல் 70. வெறும் சோயாவுக்குச் சொல்லும் 55 டிகிரியில் இந்தக் கலவையை ஊற்றினால் குருணை கட்டத்தான் செய்யும்.

நேரடியாக அடுப்பில் வைத்து உருக்கலாமா?

வேண்டாம். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்கி உருக்குங்கள். நேரடித் தீயில் அடிமெழுகு எவ்வளவு சூடாகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தேன்மெழுகு 85 டிகிரியைத் தாண்டினாலே நிறம் கருக்கத் தொடங்கும். அதைவிடப் பெரிய பயம் தீ. மெழுகு கொதித்து வழிவதற்குள் யோசிக்கலாம் என்று விடாதீர்கள். புகை வந்தாலே ஆபத்தான சூடு என்று அர்த்தம்.

தீப்பிடித்துவிட்டால் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தட்டு போட்டு மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் மெழுகுக்கு அடியில் போன தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி, தீயோடு மெழுகை முகத்தில் அடிக்கும். உருக்கும் இடத்தில் பொருத்தமான ஒரு மூடியை எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுப்பையே பற்றவைக்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

ஊற்றிய அன்று வழவழவென்று இருந்தது. மூன்றாம் நாள் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. இது சோயாவின் இயல்பு, அதன் காரணத்தை நீங்கள் சமையலறையிலேயே பார்த்திருப்பீர்கள். வெண்ணெய் காய்ச்சி நெய்யை அசையாமல், மெதுவாக ஆறவிட்டால் மணல் மணலாக உறையும். அதே நெய்யைச் சீக்கிரம் குளிரவைத்தால் வழவழவென்று களிம்பு போல உறையும். நெய் ஒன்றுதான், படிகம் கட்டும் விதம்தான் வேறு. சோயா மெழுகும் கொழுப்புதான் என்பதால் அதற்குள்ளும் இதே படிக விளையாட்டு நடக்கிறது. முதலில் ஒரு வடிவத்தில் உறைந்த கொழுப்பு, நாள்பட நாள்பட இன்னும் நிலையான வேறொரு வடிவத்துக்கு மாறும். அப்படி மாறும்போது மேலே வெள்ளையாகத் தெரியும். பழைய சாக்லேட் மேல் வெண்மை படர்வதும் இதே காரணம்தான். பகலில் 38, இரவில் 26 என்று சூடு ஏறி இறங்கும் ஊரில் இந்த மாற்றம் வேகமாக நடக்கும்.

முழுதாக ஒழிக்க முடியாது, குறைக்கலாம். கலவையில் தேன்மெழுகு 15 சதவீதமாவது இருக்கட்டும். அது படிகம் பெரிதாக வளரவிடாது. ஊற்றுவதற்கு முன், கலவை ஆறி ஓரத்தில் லேசாகப் பால் நிறம் தட்டும்வரை மெதுவாகக் கிளறிக்கொண்டே இருங்கள். சின்னச் சின்னப் படிகங்கள் நிறையக் கட்டினால் பூப்பது தெரியாது. வேகமாகக் கிளறினால் குமிழி ஏறும். ஊற்றிய டம்ளர்களை ஃபேன் காற்றுக்கு நேராக வைக்காதீர்கள். ஒன்றுக்கொன்று நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். நெருக்கி வைத்தால் நடுவில் உள்ளவை ஒரு மாதிரியும் ஓரத்தில் உள்ளவை ஒரு மாதிரியும் ஆறும்.

அப்புறம், நிறம் சேர்க்காமல் விட்டுவிட்டால் இந்தப் பூப்பு கண்ணிலேயே படாது. கருநீலம், அரக்கு நிறத்தில்தான் அப்பட்டமாகத் தெரியும். எனக்குத் தேன்மெழுகின் இயல்பான மஞ்சளே போதும் என்று படுகிறது.

தனித் தேன்மெழுகில் செய்ததிலும் சாம்பல் பூசியது போல் இருக்கிறது. பூஞ்சையா?

பூஞ்சை இல்லை. தேன்மெழுகிலுள்ள மென்மையான பகுதி நாளடைவில் மேலே வந்து படிவது அது. மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போய்விடும். இப்படிப் பூப்பது நல்ல தேன்மெழுகு என்பதற்கு ஓர் அடையாளம். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பாரஃபின் மெழுகு அப்படிப் பூக்காது.

ஆறியதும் திரியைச் சுற்றிக் குழி விழுகிறது. மேல்பரப்பும் கரடுமுரடாக இருக்கிறது.

மெழுகு ஆறும்போது சுருங்கும். ஓரமும் மேல்பரப்பும் முதலில் உறைந்துவிடும், நடுப்பகுதி கடைசியில் உறையும். அப்போது சுருங்குவதற்கு இடம் கேட்டு நடுவில் பள்ளம் விழும். சில சமயம் மேலே நன்றாக இருந்து உள்ளே பொந்து இருக்கும். எரியும்போது சுடர் திடீரென்று அந்தப் பொந்துக்குள் விழுந்து அணையும்.

ஊற்றும்போதே பத்தில் ஒரு பங்கு கலவையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேல்பரப்பு ஏடு கட்டியதும், திரிக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சியால் இரண்டு மூன்று துளை போடுங்கள். முழுதாக ஆறிய பிறகு, மீதிக் கலவையை முதலில் ஊற்றியதைவிட ஐந்து டிகிரி கூடுதல் சூட்டில் மேலே ஊற்றுங்கள். கரடுமுரடு மட்டும்தான் என்றால் ஹேர் டிரையரை மேலே காட்டி, ஒரு மெல்லிய படலம் உருகி மீண்டும் உறையவிட்டால் போதும்.

கண்ணாடிக்கும் மெழுகுக்கும் நடுவில் ஈரம் பட்டது போல் திட்டுத் திட்டாகத் தெரிகிறதே?

ஈரம் இல்லை; அந்த இடத்தில் மெழுகு கண்ணாடியை விட்டுப் பிரிந்திருக்கிறது. டம்ளரைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஊற்றுவதற்கு முன் வெயிலில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடேற்றுங்கள். அப்படியும் வந்தால் கவலைப்படாதீர்கள்; எரிவதில் எந்தக் குறையும் இருக்காது.

நடுவில் கிணறு மாதிரி குழி விழுந்து எரிகிறது. சுற்றியுள்ள மெழுகு அப்படியே நிற்கிறது.

இதுதான் நான் அதிகம் கேட்ட கேள்வி. எல்லோரும் மெழுகைச் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி திரி.

முதலில், விளக்குத் திரியைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அகல் விளக்கில் எண்ணெய் நீர்த்திருப்பதால் முறுக்கிய பஞ்சு போதும். மெழுகுவர்த்திக்கு ஜடை மாதிரி பின்னிய பருத்தித் திரி வேண்டும். பின்னல் திரி எரியும்போது முனை ஒரு பக்கமாக வளையும். வளைந்த முனை சுடரின் ஓரத்துக்கு வந்து தானே எரிந்து உதிரும். 1825-இல் பிரான்சில் கம்பாசெரெஸ் என்பவர் இதைக் கொண்டுவரும்வரை, எரிகிற வர்த்தியின் கருகிய திரியைக் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

பின்னல் திரிதான், ஆனாலும் குழி விழுகிறது என்றால் திரி மெல்லியது. தேன்மெழுகு கூடக்கூட திரியும் தடிக்க வேண்டும். பாரஃபினுக்குச் சொன்ன திரி இதற்குப் போதாது. திரி எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் எண் சொல்லிப் பயனில்லை. சோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி. ஒரே மாதிரி மூன்று டம்ளர், ஒரே கலவை, மூன்று தடிமனில் திரி. ஒரு வாரம் கழித்து மூன்றையும் ஒரே நேரத்தில் காற்று இல்லாத இடத்தில் ஏற்றுங்கள். ஏழு செ.மீ. அகல டம்ளர் என்றால் மூன்று மணி நேரம் காத்திருங்கள். உருகிய மெழுகு ஓரத்துக்கு அருகே போயிருக்க வேண்டும், ஆழம் ஒரு செ.மீ. அளவில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்திலேயே ஓரத்தைத் தொட்டுவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். திரி தடிமன் அதிகம். பாதி எரிந்து சுடர் கீழே இறங்கும்போது கண்ணாடி தொட முடியாத அளவு சுடும்.

இன்னொன்று, மார்கழியில் சரியாக எரிந்த திரி சித்திரையில் தடிமனாகத் தெரியும். மெழுகு ஏற்கெனவே சூடாக இருப்பதால் சீக்கிரம் உருகுகிறது. கோடைக்கு ஒரு படி மெல்லிய திரியையும் சோதித்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல்முறை ஏற்றும்போது அரைமணியில் அணைத்துவிட்டாலும் குழி விழும். அந்த வட்டத்துக்குள்ளேயேதான் அடுத்த முறையும் உருகப் பார்க்கும். ஏற்கெனவே குழி விழுந்த வர்த்தியைக் காப்பாற்ற, டம்ளர் வாயை அலுமினியத் தாளால் சுற்றி, நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்குத் திறப்பு விட்டு, ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். சூடு உள்ளேயே நின்று ஓரமெழுகும் உருகிச் சமமாகும்.

கரி படிகிறது. திரி முனையில் காளான் மாதிரி ஏதோ கட்டுகிறது.

திரிக்கு வரும் மெழுகு எரிவதைவிட அதிகம். திரியை ஒவ்வொரு முறையும் ஏற்றும் முன் ஆறு மில்லிமீட்டருக்குக் கத்தரியுங்கள். ஃபேனுக்கு அடியில் ஏற்றினாலும் சுடர் ஆடிக் கரி கக்கும். இயற்கை மெழுகு புகையவே புகையாது என்று சொல்லி விற்கிறார்கள். அது உண்மை இல்லை. தப்பான திரியில் எந்த மெழுகும் புகையும்.

எரியும்போது படபடவென்று வெடிக்கிறது, சுடர் சுருங்கிச் சுருங்கி அணைகிறது.

உள்ளே தண்ணீர் இருக்கிறது, அல்லது அழுக்கு இருக்கிறது. தேனடையிலிருந்து நீங்களே காய்ச்சி எடுத்த தேன்மெழுகாக இருந்தால் இரண்டும் இருக்க வாய்ப்பு உண்டு. மார்த்தாண்டம் பக்கம் தேனீப் பெட்டி வைப்பவர்களிடமோ, மலையில் தேன் எடுப்பவர்களிடமோ அடையாக வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடையைத் துணியில் கட்டி, தண்ணீரில் போட்டுக் காய்ச்சுவார்கள். அந்தத் தண்ணீர் போர் தண்ணீராக இருந்தால் சிக்கல். தேன்மெழுகில் இயல்பாகவே அமிலங்கள் இருக்கின்றன. உப்புத்தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு அவை சேர்ந்து சோப்பு மாதிரி ஆகி, மெழுகும் தண்ணீரும் பிரியாமல் நுரைத்த பஞ்சு போல நிற்கும். எவ்வளவு ஆறவிட்டாலும் அந்த ஈரம் வெளியே வராது. பிடித்து வைத்த மழைத்தண்ணீர்தான் இதற்கு ஏற்றது. இல்லாவிட்டால் குடிக்க வாங்கும் கேன் தண்ணீர்.

காய்ச்சி வடிகட்டியதும் பாத்திரத்தைப் பழைய போர்வையால் சுற்றி வையுங்கள். மெதுவாக ஆறினால் அழுக்கெல்லாம் அடியில் இறங்கும். மறுநாள் மெழுகு வட்டமான அடை போலக் கழன்று வரும். அடிப்பக்கம் பழுப்பாகச் சேறு மாதிரி ஒட்டியிருப்பதைக் கத்தியால் சுரண்டிவிட்டு, தண்ணீர் இல்லாமல் இன்னொரு முறை உருக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சுரண்டும்போது விரலில் பிசுபிசுப்பு இருந்தால் தேன் மிச்சம் இருக்கிறது. தேன் திரியை அடைக்கும். இன்னொரு முறை காய்ச்ச வேண்டும்.

வாங்கிய தேன்மெழுகே இப்படி என்றால் வேறு எதையாவது கலந்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு கடையில் கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் வாங்கியதில் பாதிக்கு மேல் பாரஃபின். நல்ல தேன்மெழுகை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் தேன் வாசம் வரும், கொஞ்ச நேரத்தில் களிமண் போலப் பிசைய வரும். பாரஃபின் கலந்தது வழுக்கும், வாசம் இருக்காது.

மஞ்சளாக இருந்த கலவை பச்சையாக மாறிவிட்டது. இன்னொரு முறை பழுப்பாகிவிட்டது.

பச்சை என்றால் பித்தளை அல்லது செம்புப் பாத்திரம். பழுப்பு என்றால் இரும்பு. மெழுகிலுள்ள அமிலம் உலோகத்தை அரித்துவிடுகிறது. எவர்சில்வரில் உருக்குங்கள். வெண்ணிலா வாசனை சேர்த்திருந்தால் அதுவும் நாளடைவில் பழுப்பாக்கும். அதைத் தடுக்க முடியாது.

வாசனை எண்ணெய் தாராளமாக ஊற்றினேன். ஏற்றினால் வாசமே இல்லை.

கூட்டி ஊற்றுவதால் வாசம் கூடாது. ஒரு அளவுக்கு மேல் மெழுகு பிடித்து வைக்காது. மிச்சம் வியர்வை போல மேலே துளித்துளியாக நிற்கும், திரியையும் அடைக்கும். 100 கிராம் கலவைக்கு 6 கிராமில் தொடங்குங்கள். 8-ஐத் தாண்ட வேண்டாம். ஏற்கெனவே வியர்த்திருந்தால் காகிதத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு ஏற்றுங்கள்.

கலவை 70 டிகிரிக்கு வந்த பிறகு ஊற்றி, இரண்டு நிமிடம் முழுதாகக் கிளறுங்கள். அப்புறம் மூடி போட்டு ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் தொடாதீர்கள். சோயாவில் வாசனை செட்டாக அந்த நாட்கள் தேவை. ஊற்றிய மறுநாளே ஏற்றிப் பார்த்து வாசம் இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

தேன்மெழுகுக்குத் தன் வாசம் உண்டு, அது மல்லிகை மாதிரி மென்மையானதை அமுக்கிவிடும். எலுமிச்சைப்புல், யூகலிப்டஸ், கிராம்பு மாதிரி எடுப்பானவை அதன் மேல் நிற்கும்.

பன்னீர் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது, அது தண்ணீர். சந்தனப்பொடி, மஞ்சள்பொடி, குங்குமம் எதுவும் கரையாது. அடியில் படியும் அல்லது திரியை அடைக்கும். கிரேயான் உருக்கிப் போடுவதும் அப்படித்தான். காய்ந்த பூவிதழ்களை மேலே பதிப்பது பார்க்க அழகு, ஆனால் சுடர் பட்டால் அதுவே இரண்டாவது திரியாகி எரியும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

நெய், நல்லெண்ணெய், வனஸ்பதி சேர்த்தால் செலவு குறையுமே?

நெய்யும் நல்லெண்ணெயும் விளக்குக்கு. மெழுகில் சேர்த்தால் இளகும், நாளானால் சிக்கு வாடை அடிக்கும். வனஸ்பதியும் சோயா மெழுகு போல ஹைட்ரஜன் ஏற்றியதுதான், ஆனால் நம் நாக்கில் கரைய வேண்டும் என்று செய்தது. 40 டிகிரிக்குள் உருகிவிடும். கோடையில் நிற்காது.

கெட்டுப்போனதை மீண்டும் உருக்கலாமா?

தாராளமாக. திரியை எடுத்துவிட்டு, வடிகட்டி, எடை போட்டுக்கொள்ளுங்கள். வாசனை ஏற்கெனவே இருப்பதால் மீண்டும் சேர்க்க வேண்டாம். வெவ்வேறு நாள் மிச்சங்களை ஒன்றாகப் போட்டால் அளவு தெரியாமல் போகும். அதனால் ஒவ்வொரு மிச்சத்தையும் தனி டப்பாவில் போட்டு, மேலே அளவும் தேதியும் ஒட்டுங்கள். திருத்தும்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். திரியையும் கலவையையும் சேர்ந்து மாற்றினால், எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

ஏப்ரல், மே மாதங்களில் பார்சல் அனுப்ப முடியுமா?

முடியும், ஆனால் கண்ணாடியில் உள்ளவற்றை மட்டும், அதுவும் தேன்மெழுகு 30 சதவீதம் உள்ள கலவையை. மூடி இறுக்கமான டின்னாக இருந்தால் இன்னும் நல்லது. பார்சல் வண்டி மதியம் வெயிலில் நிற்கும். உள்ளே 50 டிகிரி வரைகூட ஏறலாம். அதனால் மேல்பரப்பு கொஞ்சம் இளகினாலும் வழியாதபடி, விளிம்பிலிருந்து ஒரு விரல் அளவு குறைத்து ஊற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் கிடக்காதபடி திங்கள் காலையில் அனுப்புங்கள். வாங்குகிறவரிடம், பெட்டி வந்ததும் பிரிக்காமல் ஒரு நாள் நிழலில் நிமிர்த்தி வைத்துவிட்டு அப்புறம் ஏற்றச் சொல்லி ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்துவிடுங்கள்.